நுண்குழாய்களுக்கு மூலிகைச் சாரம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

மூலிகை மாத்திரை டப்பாக்களில் 'நுண்ணிய ரத்த நாளங்களை வலுப்படுத்தும்' என்று ஒரு வரி இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் விதைக்கும் அதே வரிதான், ஜின்கோ இலைக்கும் அதே வரிதான். பைன் மரப்பட்டை, பில்பெர்ரி, வல்லாரை என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் அச்சு மாறாமல் அதே வரி. ஆறு டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பவருக்கு அதனால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை.

நானும் அப்படி முழித்தவன்தான். நாள் முழுக்க நின்றபடியே வேலை. சாயந்திரம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல் பள்ளம் விழுந்திருக்கும். நிறையப் படித்த பிறகுதான் உறைத்தது: எந்த மூலிகை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் குழாயில் என்ன கோளாறு என்று கேட்டிருக்க வேண்டும். காலில் நீர் கோப்பதும், குளிரில் விரல் வெளுப்பதும், சர்க்கரை நோயில் விழித்திரை கசிவதும் 'நுண்குழாய்' என்ற ஒரே பெயரின் கீழ் வந்தாலும் மூன்றும் மூன்று கதை. ஒன்றுக்கு ஓரளவு உதவுகிற சாரம் இன்னொன்றுக்குத் தண்ணீர் குடித்த மாதிரிதான்.

கொஞ்சம் உடற்கூறு பார்த்துவிடலாம், பின்னால் வருவதற்கு அது வேண்டும். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். தந்துகி எனப்படும் மிகச் சிறிய குழாயின் உள்ளளவு 5 முதல் 10 மைக்ரோமீட்டர். பல இடங்களில் சிவப்பணு உடம்பை வளைத்து நெளிந்துதான் போக முடியும். அந்தக் குழாயின் சுவர் ஒற்றை அடுக்கு செல்கள், அவ்வளவுதான். சத்தும் ஆக்சிஜனும் வெளியே போக வேண்டும் என்பதற்காக அது கொஞ்சம் கசிவதே இயல்பு. உள்ளே அழுத்தம் கூடினாலோ சுவர் பழுதானாலோ கசிவு அளவு மீறும். அப்போதுதான் வீக்கம்.

காலில் இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் சிரைகளிலிருந்து, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களிலிருந்து. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போகும். நடக்க ஆரம்பித்தால் கெண்டைக்கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ள, அது 30க்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்துவிட்டால் நடந்தாலும் இறங்காது. அந்த அழுத்தம் அப்படியே பின்னோக்கித் தந்துகிகளைத் தாக்கும். இதைத்தான் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். பெயரில் நரம்பு இருந்தாலும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சுருண்டிருப்பது சிரை. இந்தப் பெயரை நம்பி நரம்புக்கு வைட்டமின் மாத்திரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூலிகைச் சாரங்களுக்கு ஏதாவது உருப்படியான ஆதாரம் இருக்கிறது என்றால் அது இந்தக் கால் விவகாரத்தில்தான். அதனால் அங்கே நிறைய நேரம் செலவழிக்கிறேன்.

கால் வீக்கத்துக்கு: முதல் இரண்டு பேர்

ஹார்ஸ் செஸ்ட்நட் விதைச் சாரத்தின் வேலை செய்யும் பொருள் எஸ்சின். சிரைச் சுவரைக் கொஞ்சம் இறுகச் செய்கிறது, தந்துகிச் சுவரைச் சிதைக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது என்பது ஆய்வகத்தில் கண்டது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் அடிக்கடி பேசப்படுவது 1996இல் 'லான்செட்' இதழில் வந்தது. 240 பேர், 12 வாரம். ஒரு குழுவுக்கு 50 மில்லிகிராம் எஸ்சின் கொண்ட மாத்திரை தினம் இரண்டு வேளை, ஒரு குழுவுக்கு அழுத்தக் காலுறை, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. முடிவில் கீழ்க்காலின் கன அளவு மாத்திரைக் குழுவில் சராசரியாக 43.8 மில்லிலிட்டர் குறைந்தது, காலுறைக் குழுவில் 46.7 மில்லிலிட்டர் குறைந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 9.8 மில்லிலிட்டர் கூடியது.

இந்த எண்களைப் பார்த்ததும் 'ஆக, காலுறையே வேண்டாம்' என்று துள்ளத் தோன்றும். அவசரம் வேண்டாம். மாத்திரை எது, வெற்று மாத்திரை எது என்று தெரியாமல் விழுங்கலாம். காலுறை போட்டவருக்குத் தான் காலுறை போட்டிருப்பது தெரியாமல் இருக்குமா? தவிர, காலுறை சரியாகப் பொருந்தட்டும் என்று அந்தக் குழுவுக்கு முதல் வாரம் நீர் பிரிய மாத்திரையும் கொடுத்தார்கள். 12 வாரத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது அந்தச் சோதனையில் இல்லை. அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, கன அளவை ஒரே விதமாக அளந்த ஆறு சோதனைகளில் வெற்று மாத்திரையைவிடச் சுமார் 32 மில்லிலிட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தது. கால்வலியும் அரிப்பும் குறைந்தன. எல்லாமே 2 முதல் 16 வாரம் வரையிலான குறுகிய சோதனைகள்.

32 மில்லிலிட்டர் என்றால் எவ்வளவு? இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். காலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், ஆனால் சாயந்திரம் காலில் ஈயம் கட்டிய மாதிரி இருந்தவருக்கு வித்தியாசம் தெரியலாம்.

இரண்டாவது போட்டியாளர் டயோஸ்மின். ஆரஞ்சு வகைப் பழங்களிலிருந்து எடுக்கும் ஃபிளேவனாய்டு, அதாவது செடிகளில் இருக்கும் ஒரு வகை வேதிப்பொருள். 90 சதவீதம் டயோஸ்மின், 10 சதவீதம் ஹெஸ்பெரிடின் என்ற கலவையை 2 மைக்ரானுக்கும் நுண்ணியதாக அரைத்துத் தயாரிப்பதுதான் அதிகம் சோதிக்கப்பட்ட வடிவம். அரைப்பது விளம்பரத்துக்காக இல்லை, டயோஸ்மின் தண்ணீரில் கரையாது. பெரிய துகளாக இருந்தால் குடலில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். வழக்கமான அளவு தினம் 1000 மில்லிகிராம். சிரைச் சுவரில், நாளங்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் வேலை செய்யும் நேரத்தை நீட்டித்து அதை இறுக்குகிறது, வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி அழற்சி கிளப்புவதையும் குறைக்கிறது.

இதற்கான ஆதாரம் எண்ணிக்கையில் அதிகம், பலனில் சிறியது. டயோஸ்மின், ருட்டின் வகை, இன்னும் இதுபோன்ற 'சிரைக்கு வலு' மருந்துகளைப் பற்றி காக்ரேன் 2020இல் வெளியிட்ட தொகுப்பில் 56 சோதனைகளின் புள்ளிவிவரம் இருந்தது. வீக்கம் ஓரளவு குறைகிறது. கணுக்காலைச் சுற்றி அளந்தால் சராசரியாக 4 மில்லிமீட்டர் சொச்சம். வாழ்க்கைத் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, புண் ஆறுவதிலும் இல்லை. வயிற்று உபாதை மட்டும் கொஞ்சம் கூடுதல். ஐரோப்பிய ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டி, கால் கனம், வலி, வீக்கம் போன்ற தொந்தரவு இருப்பவர்களுக்கு இந்த வகை மருந்தைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 'பரிசீலிக்கலாம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கட்டாயம் கொடு என்று சொல்லவில்லை.

சரி, இந்த இரண்டில் எது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வீக்கம்தான் முக்கியத் தொந்தரவு, வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை, காலுறை ஒத்துவரவில்லை என்றால் ஹார்ஸ் செஸ்ட்நட். காலோடு மூலமும் தொந்தரவு செய்கிறது என்றால் டயோஸ்மின். மூலத்தில் ரத்தக்கசிவும் அரிப்பும் குறைவதற்கு இந்த வகை மருந்துகள் உதவுகின்றன என்று வேறொரு காக்ரேன் தொகுப்பு 2012இல் சொல்லியிருக்கிறது. திடீரென்று மூலம் வலித்து ரத்தம் கசியும்போது டயோஸ்மின் கலவையை முதல் நான்கு நாள் தினம் ஆறு மாத்திரை, அடுத்த மூன்று நாள் நான்கு மாத்திரை என்று கொடுப்பது வழக்கம். காலுக்குக் கொடுப்பதைவிட இது மூன்று மடங்கு. இதைப் படித்துவிட்டுக் காலுக்கும் ஆறு மாத்திரை விழுங்க வேண்டாம்.

ஆனால் இரண்டையும்விட முன்னால் நிற்பது நடை, கெண்டைக்கால் பயிற்சி, காலைத் தூக்கி வைத்து உட்காருவது, அழுத்தக் காலுறை. 90 மில்லிமீட்டர் அழுத்தத்தை நாலு எட்டு நடந்து 30க்குக் கொண்டுவர முடிகிறபோது மாத்திரை அதோடு போட்டி போட முடியாது. காலுறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பாதத்துக்குப் போகும் தமனி அடைத்திருந்தால் இறுக்கமான காலுறை ஆபத்து, கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

கால் வீக்கத்துக்கு: பின்வரிசை

சிவப்புத் திராட்சை இலைச் சாரத்தை நான் மூன்றாவதாக வைப்பேன். தினம் 360 அல்லது 720 மில்லிகிராம் கொடுத்து 12 வாரம் நடத்திய சோதனைகளில் கால் கன அளவு குறைந்திருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழுவும் சிரை நோய்க்கு இதன் பயன்பாட்டை ஏற்றிருக்கிறது. சோதனைகள் குறைவு என்பதுதான் குறை. திராட்சை விதைச் சாரத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே கொடி, வேறு வேறு பொருள். இலையில் குவெர்செட்டின் வகைகள், விதையில் புரோஆந்தோசயனிடின்கள்.

ரஸ்கஸ் என்ற புதர்ச்செடியின் வேர்ச்சாரம் சிரையை நேரடியாகச் சுருங்கச் செய்யும். பெரும்பாலும் தனியாக வராது. ஹெஸ்பெரிடினின் ஒரு மாற்று வடிவம், வைட்டமின் சி இரண்டோடும் சேர்த்துத்தான் வரும். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வேலை செய்கிறது, ஆனால் சிலருக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்துவிடும். மாத்திரையை நிறுத்தினால் நிற்கிறது. பேதிக்குக் காரணம் தேடிக் குடலுக்குள் கேமரா விட்ட பிறகு, 'கால் வலிக்கு ஒரு மூலிகை சாப்பிடுகிறேனே, அதைச் சொல்ல வேண்டுமா' என்று கேட்டால் மருத்துவர் தலையில் அடித்துக்கொள்வார்.

வல்லாரை விஷயத்தில் கொஞ்சம் மனசாட்சியோடு பேச வேண்டியிருக்கிறது. தெரிந்த செடி, நம்மூர் மருத்துவத்தில் பெயர் பெற்ற செடி என்பதால் கை தானாக அதை நோக்கிப் போகும். சோதிக்கப்பட்டது இலை இல்லை. இலையிலிருந்து ஏசியாட்டிகோசைடு, ஏசியாட்டிக் அமிலம், மடிகாசிக் அமிலம் ஆகிய டிரைடெர்பீன்களைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய பகுதி. தினம் 60 முதல் 120 மில்லிகிராம். 1987இல் 94 பேரிடம் இரண்டு மாதம் நடந்த சோதனையில் கால் கனமும் வீக்கமும் குறைந்தன. அதன்பின் வந்தவை பெரும்பாலும் சிறிய சோதனைகள். 2013இல் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தவர்கள் நுண்சுழற்சி அளவீடுகள் மேம்படுவது உண்மை போலத் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் போதாது என்றார்கள். 2005இல் வல்லாரை மாத்திரை சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. அரிதுதான், இருந்தாலும் மாதக்கணக்கில் இடைவிடாமல் விழுங்குகிற பொருளில்லை என்பது என் கருத்து. ஈரல் கோளாறு உள்ளவர்கள் விலகி நிற்கலாம்.

பைன் மரப்பட்டைச் சாரத்துக்கு ஆர்ப்பாட்டம் அதிகம். பிரான்சின் கடலோரப் பைன் மரத்திலிருந்து எடுப்பது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புரோசயனிடின்கள். கால், கண், மூட்டு, ஆஸ்துமா என்று எதற்கெடுத்தாலும் பேர் சொல்கிறார்கள். காக்ரேன் 2020இல் 10 நோய்களுக்கான 27 சோதனைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டது. சோதனைகள் சிறியவை, குறுகியவை. நான் இதை வாங்க மாட்டேன்.

ருட்டினிலிருந்து அரைச் செயற்கையாகத் தயாரிக்கும் ஆக்ஸெருட்டின், டிராக்ஸெருட்டின் இரண்டும் டயோஸ்மின் இருக்கும் அதே வரிசைதான். ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம். ஆனால் ரத்தம் உறைந்து கால் சிரை அடைத்தபிறகு நாள்பட நீடிக்கும் வீக்கத்துக்கு ருட்டின் வகை உதவும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

விரல், நடை: ஜின்கோவின் வாக்குறுதி

ஜின்கோ இலைச் சாரம் எந்தக் கேள்விக்கும் முன்னால் வந்து நிற்கும். தரப்படுத்திய சாரத்தில் 24 சதவீதம் ஃபிளேவோன் கிளைகோசைடுகள், 6 சதவீதம் டெர்பீன் லேக்டோன்கள். ரத்தத்தட்டுகளைத் திரட்டும் ஒரு பொருளைத் தடுக்கிறது, ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது என்பதெல்லாம் ஆய்வகத்தில் சரி. மனிதர்களிடம் வரும்போது கதை மாறுகிறது. தமனி அடைப்பால் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவர்களிடம் நடந்த 14 சோதனைகளை, மொத்தம் 739 பேர், காக்ரேன் 2013இல் தொகுத்தது. ஜின்கோ எடுத்தவர்கள் சராசரியாக 64.5 மீட்டர் கூட நடந்தார்கள், ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் புள்ளிவிவரம். மறதி நோயைத் தடுக்குமா என்று 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம் தினம் 240 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2008இல் இல்லை என்று முடிந்தது.

குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் தொந்தரவில் ஜின்கோவைச் சின்னச் சின்னச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நிஃபெடிபின் மருந்தோடு நேருக்கு நேர் வைத்தபோது நிஃபெடிபின்தான் முந்தியது. வெதுவெதுப்பான கையுறை, புகையிலையை விடுவது, தேவைப்பட்டால் அந்த மருந்து என்ற வரிசையில் போவது நல்லது. நாற்பது வயதுக்குமேல் புதிதாக விரல் வெளுக்க ஆரம்பித்தால், அல்லது விரல் நுனியில் புண் வந்தால், தோலை இறுகச் செய்யும் ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய் பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே மாத்திரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் நேரம் வீண்.

நாளத்தின் உள்சுவர் நன்றாக விரிய வேண்டும் என்பதற்காகக் கொக்கோ ஃபிளவனால் எடுப்பவர்களும் உண்டு. தினம் 200 மில்லிகிராம் எடுத்தால் நாளங்களின் நெகிழ்வு நிலைத்திருக்க உதவும் என்ற வாசகத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றது. 21,442 பேரிடம் தினம் 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனை 2022இல் வெளியானது. இதய, ரத்தநாளச் சம்பவங்களின் மொத்த எண்ணிக்கையில் உறுதியான குறைவு தெரியவில்லை. இதய, ரத்தநாள நோயால் ஏற்படும் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தக் கணக்கில் தோற்றுவிட்டுக் கிளைக் கணக்கில் ஜெயித்த சோதனை என்பதால் அடக்கி வாசிக்கிறார்கள். சாக்லேட்டுக்கு இது பொருந்தாது, தயாரிக்கும்போதே ஃபிளவனாலில் பெரும்பகுதி போய்விடுகிறது.

கண்: இங்கே மூலிகைக்கு இடமில்லை

பில்பெர்ரியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் சாப்பிட்டு இருட்டில் கூர்மையாகப் பார்த்தார்களாம். இரவுப் பார்வைக்கு நடந்த சோதனைகளை 2004இல் தொகுத்துப் பார்த்தபோது, முறையாக நடந்தவற்றில் பலன் எதுவும் தெரியவில்லை. சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்புக்கு இதன் பேரில் இருப்பவை சிறிய, பழைய சோதனைகள்.

மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்று முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனை 1993இல் வெளிவந்தது. விழித்திரைப் பாதிப்பே இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு அது வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகைக்கான பிரிட்டிஷ் சோதனையில், 1998இல், நுண்குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. அதே சோதனையில் ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு 37 சதவீதம். இந்த எண்களுக்குப் பக்கத்தில் நிற்கும் மூலிகைச் சாரம் ஒன்றுகூடக் கிடையாது.

தந்துகிச் சுவரைக் காக்கும் என்ற வாக்குறுதியோடு கால்சியம் டோபெசிலேட் என்றொரு மருந்து உண்டு. மூலிகை இல்லை, செயற்கைதான், ஆனால் சொல்லும் கதை மூலிகைகள் சொல்வதே. 635 பேரிடம் சுமார் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்த சோதனை 2009இல் வந்தது. விழித்திரை மையத்தில் நீர் கோப்பதை அது தடுக்கவில்லை. கண் விஷயத்தில் பில்பெர்ரி டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும் மூன்று மாதத்தில் வருடாந்திர விழித்திரைப் பரிசோதனை தள்ளிப்போனால், அதுதான் உண்மையான நஷ்டம்.

'நுண்குழாய்க்கு வலு' என்ற பேச்சு தொடங்கிய இடமும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1936இல் ஆல்பர்ட் செண்ட்-ஜியோர்ஜியும் அவருடைய சகாக்களும், சுத்தமான வைட்டமின் சி கொடுத்தும் நிற்காத தந்துகிக் கசிவு எலுமிச்சை, மிளகாய் வகைச் சாரங்களில் நின்றது என்று கண்டார்கள். அந்தப் பொருளுக்கு 'வைட்டமின் பி' (P) என்று பெயர் வைத்தார்கள். பி காம்ப்ளெக்ஸ் பி இல்லை, ஊடுருவும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அடுத்த வருடமே செண்ட்-ஜியோர்ஜிக்கு, வைட்டமின் சி ஆராய்ச்சி உட்பட வேறு பணிகளுக்காக, நோபல் பரிசு. ஆனால் அந்த 'பி' இல்லாவிட்டால் நோய் வரும் என்று யாராலும் திரும்ப நிரூபிக்க முடியவில்லை. 1950இல் வைட்டமின் என்ற பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். பட்டம் போனாலும் ருட்டின், ஹெஸ்பெரிடின் வணிகம் போகவில்லை.

டப்பாவின் பின்பக்கம்

எந்தச் செடி என்று முடிவானபின் பாதி வேலை பாக்கி. ஒரே செடியின் பெயரில் இரண்டு டப்பா வேறு வேறு சரக்காக இருக்கலாம். ஹார்ஸ் செஸ்ட்நட்டில் 'விதைச் சாரம், 16 முதல் 20 சதவீதம் எஸ்சின்' என்று இருக்க வேண்டும். 300 மில்லிகிராம் சாரத்தில் 50 மில்லிகிராம் எஸ்சின் வந்தால் சோதனையில் கொடுத்த அளவு. 'விதைப் பொடி 300 மில்லிகிராம்' என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். பச்சை விதையில் எஸ்குலின் என்ற நச்சு இருக்கிறது, முறையாகச் சாரம் எடுக்கும்போதுதான் அது நீங்கும். எஸ்சின், எஸ்குலின் என்று பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

ஜின்கோவில் வேறு விதமான தில்லுமுல்லு. 24 சதவீதக் கணக்கைச் சோதிக்கும்போது சாரத்தை உடைத்து, வெளிவரும் குவெர்செட்டின் முதலான பொருள்களை அளந்து கூட்டுவார்கள். வேறு செடியிலிருந்து எடுத்த மலிவான ருட்டினையோ குவெர்செட்டினையோ கலந்துவிட்டால் கூட்டுத்தொகை அழகாக 24ஐத் தொட்டுவிடும். பொருள்களுக்கு இடையேயான விகிதத்தைப் பார்த்தால்தான் குட்டு உடைபடும், டப்பாவைப் பார்த்து நாம் கண்டுபிடிக்க முடியாது. மருந்தாகப் பதிவு செய்யப்பட்ட தயாரிப்பு கிடைக்கும் இடத்தில், உணவுத் துணைப்பொருளாக விற்பதை விட்டு அதை எடுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வாங்காமல் இருக்க வேண்டியவர்கள் யார்? வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ ஆஸ்பிரினோ எடுப்பவர்கள் ஜின்கோவைத் தொடக்கூடாது, மற்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அறுவை சிகிச்சை வந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது பொதுவான நடைமுறை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஹார்ஸ் செஸ்ட்நட் வேண்டாம். கர்ப்பிணிகள் தாமாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். மெலிலோட்டஸ் செடியிலிருந்து வரும் கூமரின் மாத்திரையைக் கை வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலனும் இல்லை, ஆறு சதவீதம் பேருக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறி வேறு. 1999இல் வந்த முடிவு அது. இதே செடி கெட்டுப்போனால் உண்டாகும் டைகூமரால்தான் மாடுகளுக்கு ரத்தப்போக்கை உண்டாக்கி, பின்னால் வார்ஃபரின் கண்டுபிடிக்க வழிகாட்டியது. மூலிகை என்பதால் சாது என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

வீக்கத்துக்கே வேறு காரணம் இருக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். இரண்டு காலும் வீங்கி மூச்சு வாங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது மிகச் சாதாரணம். அந்த மருந்து நுண்தமனிகளை விரித்துவிடுவதால் தந்துகிக்குள் அழுத்தம் கூடிக் கசிகிறது. வால்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ சரியாகிவிடும் வீக்கத்துக்கு மூன்று மாதம் செஸ்ட்நட் சாப்பிடுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

இதெல்லாம் இல்லை, கால்தான், சிரைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் நான் செய்தது இது. ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம், தினம் சாயந்திரம் ஒரே நேரத்தில், கணுக்கால் எலும்புக்கு மேல் ஒரே இடத்தில் தையல் டேப்பால் சுற்றளவை அளந்து எழுதிவைத்தேன். இடத்துக்குப் பேனாவால் குறி போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் அரை சென்டிமீட்டர் சுலபமாகப் பிசகும். மொத்த ஆட்டமே 4 மில்லிமீட்டர்தான் என்றால் அளப்பதில் அந்தளவு பிசகு இருக்கக் கூடாதே. பிறகு காலுறையும் நடையும் மட்டும் நான்கு வாரம். அதிலேயே பாதி இறங்கிவிட்டது. அதன்பின்தான் எஸ்சின் மாத்திரை, 12 வாரம், அதே டேப், அதே பேனாக் குறி. வேறு எதையும் சேர்க்கவில்லை, எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பதால்.

12 வாரத்துக்கு அப்புறம் எண்ணும் இறங்கவில்லை, காலும் இலேசாகவில்லை என்றால் டப்பாவை மூடிவைத்துவிட்டு டாப்ளர் ஸ்கேனுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். வால்வு எங்கே பின்னோக்கி விடுகிறது என்பதை அது படம் போட்டுக் காட்டிவிடும்.